செல்போன் ஃபில்டர் முதல் வீட்டு வரி ரசீது வரை: யார் இந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்?

சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால், ஆந்திர எல்லைக்கு முன்னால் வரும் கடைசி ஊர்களில் ஒன்று ஆரம்பாக்கம். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு ரயிலில் ஆரம்பாக்கம் திரும்பும் ஒருவர், செல்போனில் சேஃப்டி ஷூ தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான ஷூ வந்து நிற்கிறது. அவர் ஃபில்டரைத் திறக்கிறார். சைஸ் 8, நிறம் கறுப்பு, விலை 1,000 ரூபாய்க்குள். மூன்றே தட்டு. ஆயிரம் பத்தாகக் குறைகிறது.

வீட்டுக்கு வந்தால் ஊராட்சியில் கட்டிய வீட்டு வரி ரசீது மேசையில் கிடக்கிறது. அதில் வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று ஒரு சிறு தொகை. பெரும்பாலானோர் அந்த வரியைக் கவனிப்பதே இல்லை.

அந்த ஃபில்டருக்கும் இந்த ரசீதுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் பின்னால் ஒரே மனிதர் இருக்கிறார். சீர்காழியில் பிறந்த கணக்கு ஆசிரியர் ஒருவர். கம்ப்யூட்டர் இந்தியாவுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தகவலை எப்படி அடுக்கினால் சீக்கிரம் தேடி எடுக்கலாம் என்று யோசித்தவர். பெயர் எஸ்.ஆர்.ரங்கநாதன்.

யார் இந்த ரங்கநாதன்?

சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன் பிறந்தது 1892-ம் ஆண்டு. அன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த சீர்காழி, இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். பள்ளிப் படிப்பு சீர்காழியில். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் இளங்கலை, முதுகலை. சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி.

1917-ல் மங்களூர் அரசுக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். அடுத்து கோவை, அதன் பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. அவருக்குத் திக்குவாய் இருந்தது. ஆனாலும் வகுப்பறையை விட்டு விலகாமல், கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். வாழ்க்கை முழுக்கக் கணக்கு வாத்தியாராகவே இருக்கப் போகிறோம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

கணக்கு வாத்தியார் நூலகர் ஆனது எப்படி?

1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் என்ற பதவியை உருவாக்கியது. வந்த விண்ணப்பங்கள் சுமார் 900. அதில் ஒருவருக்குக்கூட நூலகப் பயிற்சி கிடையாது. அப்போது இந்தியாவில் அந்தப் படிப்பே பரவலாக இல்லை. ஆராய்ச்சி அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று பல்கலைக்கழகம் பார்த்தது. கணிதத்தில் சில கட்டுரைகள் எழுதியிருந்த ரங்கநாதனுக்கு அழைப்பு வந்தது. விண்ணப்பித்ததையே அவர் மறந்துபோயிருந்தார். நேர்காணலுக்குச் சில நாள் முன்பு ஒரு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்தார். அவருடைய நூலக அறிவு மொத்தமே அவ்வளவுதான்.

வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். ஆனால் சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை. மாணவர்கள் நிரம்பிய வகுப்பிலிருந்து வந்தவருக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத புத்தக அலமாரிகளுக்கு நடுவே உட்காருவது தண்டனையாக இருந்தது. பழைய வேலையையே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுப் போய் நின்றார்.

அங்கே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. முதலில் லண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணித ஆசிரியர் வேலை உங்களுக்காகக் காத்திருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வேலைக்கு அவர் திரும்பவே இல்லை.

லண்டன் பொம்மைக் கடையில் என்ன கிடைத்தது?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்தபோது அவருக்கு வழிகாட்டியவர் பெர்விக் சேயர்ஸ். குரோய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகர் அவர். அவர் மூலமாக ரங்கநாதன் இங்கிலாந்தின் பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். சென்னையில் புத்தகத்தைப் பூட்டி வைப்பதுதான் வழக்கம். அங்கே தொழிலாளர்களும் குழந்தைகளும் நூலகத்துக்குள் வந்துபோவதைப் பார்த்தார். அந்தக் காட்சி அவரை மாற்றியது.

ஆனால் ஒரு விஷயம் அவருக்கு உறுத்தியது. அன்று உலகம் முழுக்கப் பரவியிருந்தது, அமெரிக்காவின் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட பகுப்பு முறை. மொத்த அறிவையும் பத்துப் பெரும் பிரிவாக்கி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாக உடைத்துக்கொண்டே போவார்கள். எல்லாத் தலைப்புகளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் எழுதி வைக்கப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத புதிய விஷயம் வந்தால்? இரண்டு மூன்று துறைகள் கலந்த புத்தகம் வந்தால்? எங்கேயாவது ஓர் இடத்தில் திணிக்க வேண்டியதுதான். இந்தியாவின் சமயங்கள், மொழிகள் எல்லாம் அதில் ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டிருந்தன.

அப்படிப்பட்ட நேரத்தில் லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். துளை போட்ட தகரப் பட்டைகள், சக்கரங்கள், நட்டு, போல்ட். அதே துண்டுகளை வைத்து ஒருமுறை கிரேன் செய்யலாம், கழற்றி மாட்டினால் பாலம் செய்யலாம். ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனியாகச் செய்து வைக்கத் தேவையில்லை.

புத்தகத்தின் தலைப்பையும் இப்படி ஏன் செய்யக் கூடாது? எல்லாத் தலைப்புகளையும் முன்கூட்டியே பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, தலைப்பு உருவாகும் துண்டுகளை மட்டும் பட்டியல் போடலாம். புத்தகம் வந்ததும் தேவையான துண்டுகளை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். 1925-ல் ஊர் திரும்பும் கப்பலிலேயே அதற்கான வரைவை எழுதத் தொடங்கிவிட்டார்.

கோலன் பகுப்பு முறை என்றால் என்ன?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆரம்பாக்கத்துக்கு அருகில் இருக்கும் பழவேற்காடு ஏரியையே எடுத்துக்கொள்வோம். அந்த ஏரிப் பகுதியில் 1990-களில் இறால்களுக்கு வந்த நோயைத் தடுப்பது பற்றி ஒரு புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை மீன்வளத்தில் வைப்பதா, நோயியலில் வைப்பதா, திருவள்ளூர் மாவட்டம் பற்றிய அலமாரியில் வைப்பதா? எங்கே வைத்தாலும் மற்ற இரண்டு இடங்களில் தேடி வருபவர் வெறுங்கையோடு போவார்.

ரங்கநாதன் வழியில் அந்தத் தலைப்பிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். எந்தத் துறை? மீன்வளம். எதைப் பற்றி? இறால். என்ன நடக்கிறது? நோய்த் தடுப்பு. எங்கே? பழவேற்காடு. எப்போது? 1990-கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு குறியீடு. எல்லாவற்றையும் கோர்த்தால் புத்தகத்தின் முழு முகவரி வந்துவிடும். நாளைக்கு இதே விஷயத்தை வேறு ஏரியில் ஆராய்ந்து ஒரு புத்தகம் வந்தால், இடத்தின் குறியீட்டை மட்டும் மாற்றினால் போதும்.

குறியீடுகளைக் கோர்க்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். ஆங்கிலத்தில் அதன் பெயர் கோலன். அதனால்தான் இதற்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர். 1933-ல் நூலாக வந்தது. அந்தத் துண்டுகளை நூலகவியலில் ஃபேசட் என்கிறார்கள். ஒரே விஷயத்தின் வெவ்வேறு பக்கங்கள் என்று புரிந்துகொள்ளலாம். பின்னாளில் எல்லாப் பக்கங்களையும் ஐந்து வகைக்குள் அடக்கினார் ரங்கநாதன்: ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம். ஆளுமை என்றால் இங்கே மையமான பொருள். பருப்பொருள் என்றால் அது எதனால் ஆனது. ஆற்றல் என்றால் அதில் நடக்கும் செயல்.

இப்போது சேஃப்டி ஷூவுக்கு வாருங்கள். பொருள் ஷூ, மேல்பகுதி தோல், சைஸ் 8, நிறம் கறுப்பு, விலை இவ்வளவு. ஒவ்வொரு ஃபில்டரும் ஒரு பக்கம். எந்தப் பக்கத்திலிருந்தும் தேடலைத் தொடங்கலாம். ஆன்லைன் கடைகளில் இருக்கும் இந்த வசதிக்குத் தொழில்நுட்ப உலகம் வைத்த பெயரே ஃபேசட் தேடல்தான்.

சென்னையில் என்ன மாற்றினார்?

ரங்கநாதன் சேர்ந்தபோது பல்கலைக்கழக நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. சேப்பாக்கத்தில், மெரினா கடற்கரையை ஒட்டி இன்று நாம் பார்க்கும் கட்டடத்துக்கு அது வந்தது 1936-ல். ஆனால் கட்டடத்துக்கு முன்பே பழக்கத்தை மாற்றிவிட்டார்.

முதலில் அலமாரிகளைத் திறந்துவிட்டார். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருக்கத் தேவையில்லை, வாசகரே உள்ளே போய் எடுத்துப் பார்க்கலாம். புத்தகம் காணாமல் போகாதா என்ற பயம் அன்றைக்குப் பெரிய பயம். பூட்டி வைத்த புத்தகத்தால் யாருக்கு என்ன லாபம் என்பதுதான் அவர் கட்சி. நூலகம் திறந்திருக்கும் நேரத்தையும் நீட்டித்தார். தேடி வருபவருக்குப் பக்கத்தில் நின்று உதவப் பணியாளர்களைப் பழக்கினார்.

1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானதில் முன்னின்றார். 1929-ல் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன நடமாடும் நூலகம் 1931-ல் புறப்பட்டதற்கும் ரங்கநாதனின் ஆதரவு இருந்தது.

அதே 1931-ல் வந்ததுதான் அவருடைய நூலக விதிகள் ஐந்தையும் விளக்கும் நூல். சுருக்கமாகச் சொன்னால், புத்தகம் இருப்பது அலங்காரத்துக்கு அல்ல, படிப்பதற்கு. எந்த வாசகரும் தனக்கு வேண்டிய புத்தகம் இல்லாமல் திரும்பக் கூடாது. எந்தப் புத்தகமும் அதற்கான வாசகர் கைக்குப் போகாமல் தூசி படியக் கூடாது. தேடுபவரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் உயிருள்ள ஒன்றைப் போல வளரும், அதற்கேற்ப அமைப்பும் மாற வேண்டும்.

கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? புத்தகம் என்ற இடத்தில் தகவல் என்று போட்டுப் பாருங்கள். ஓர் அரசு இணையதளத்தில் சான்றிதழுக்கான பக்கத்தைத் தேடி அரை மணி நேரம் அலைந்தவருக்கு, நான்காவது விதி எவ்வளவு பெரியது என்று புரியும்.

வாசகரின் நேரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர், தன் நேரத்தை வைத்துக்கொள்ளவில்லை. வாரத்தின் ஏழு நாளும் நீண்ட நேரம் வேலை, பல ஆண்டுகள் விடுப்பே இல்லை. முதல் மனைவி ருக்மிணி 1928-ல் திருவல்லிக்கேணி கோயில் குளத்தில் தவறி விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார். திருமணம் முடிந்த அன்று பிற்பகலே நூலகத்துக்கு வந்துவிட்டார் என்று சொல்லப்படுவதுண்டு.

வீட்டு வரியில் நூலக வரி வந்தது எப்படி?

பல்கலைக்கழக நூலகம் படித்தவர்களுக்கு மட்டும்தான். கிராமத்தில் இருப்பவருக்கு யார் புத்தகம் கொடுப்பது? நன்கொடையை நம்பினால் நூலகம் நிலைக்காது, சட்டம் வேண்டும் என்பது ரங்கநாதனின் முடிவு. 1930-ல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். சென்னை மாகாணத்திலும் முயற்சி நடந்தது. ஆண்டுகள் ஓடினவே தவிர சட்டம் வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகுதான் அது நடந்தது. தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. மாவட்ட அளவில் நூலக ஆணைக்குழு, அதற்கு வருமானமாகச் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி என்பதுதான் ஏற்பாடு. ஆரம்பாக்கத்தில் வீட்டு வரி கட்டுபவரின் ரசீதில் வரும் அந்தச் சிறு தொகையின் கதை இதுதான்.

தமிழ்நாட்டில் கிராமம்வரை கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இருப்பதற்கு அடித்தளம் இந்த வரி. வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் முழுசாகக் கொடுக்காமல் நிலுவை வைப்பது பற்றி அவ்வப்போது செய்தி வருவதையும் பார்த்திருப்பீர்கள். மக்கள் கட்டிய பணம் நூலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால், புதிய புத்தகம் வாங்குவதும் காலியிடம் நிரப்புவதும்தான் முதலில் அடிபடும்.

கம்ப்யூட்டருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அறிவியல் கட்டுரைகள் வெள்ளமாக வரத் தொடங்கின. ஒரு விஞ்ஞானிக்குத் தேவையான கட்டுரை எங்கோ இருக்கும், ஆனால் கிடைக்காது. இதுதான் அன்றைய பெரிய தலைவலி. ரங்கநாதனின் யோசனைகளுக்கு வெளிநாட்டில் மவுசு கூடியது இந்த நேரத்தில்தான்.

1950-ல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல், பொருள் அகராதி தயாரிக்க அவருடைய சங்கிலி முறையை எடுத்துக்கொண்டது. பழவேற்காடு என்று தேடினாலும் இறால் என்று தேடினாலும் ஒரே புத்தகத்துக்குப் போய்ச் சேரும் வகையில் குறிப்புகளை உருவாக்கும் முறை அது. 1952-ல் லண்டனில் சில நூலகர்கள் சேர்ந்து பகுப்பு ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். 1957-ல் இங்கிலாந்தின் டார்க்கிங் நகரில் தகவல் மீட்பு பற்றி ஒரு மாநாடு நடந்தது, ரங்கநாதனும் கலந்துகொண்டார். அலமாரிக்காக யோசித்த ஃபேசட் முறை, தகவல் தேடலுக்கான அடிப்படையாக அங்கே பேசப்பட்டது.

இந்தியாவிலும் வேலை நடந்தது. விஞ்ஞானிகளுக்குக் கட்டுரை நகலும் மொழிபெயர்ப்பும் தேடித் தர 1952-ல் டெல்லியில் தேசிய அறிவியல் ஆவண மையம் தொடங்கப்பட்டது. அதற்கான முன்முயற்சிகளில் அவருக்குப் பங்கு உண்டு. 1962-ல், புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ், பெங்களூரில் ஆவண ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தை ரங்கநாதன் தொடங்கினார். அந்த மையம் இன்றும் இயங்குகிறது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரங்கநாதன் சாஃப்ட்வேர் எதுவும் எழுதவில்லை. கூகுள் தேடல் அவர் முறையில் ஓடுவதும் இல்லை. அது வார்த்தைகளையும் இணைப்புகளையும் வைத்து வேறு விதமாகத் தேடுகிறது. ஒரு பொருளைப் பல பக்கங்களாகப் பிரித்து, எந்தப் பக்கத்திலிருந்தும் தேடலாம் என்ற கொள்கைக்கு முறையான இலக்கணம் எழுதியவர் அவர். கடை ஃபில்டர்களும், பல்கலைக்கழக ஆன்லைன் நூற்பட்டியல்களும் அந்தக் கொள்கையில் நிற்கின்றன.

அவர் முறை எங்கே தடுமாறியது?

இத்தனைக்கும் கோலன் பகுப்பு முறை இந்தியாவிலேயே முழுசாக வெற்றி பெறவில்லை. பெரும்பாலான நூலகங்கள் இன்றும் டூயி முறையைத்தான் பின்பற்றுகின்றன. காரணம் எளிது. கோலன் எண்கள் நீளமானவை. எழுத்து, எண், புள்ளி, கோடு எல்லாம் கலந்து வரும். புத்தகத்தின் முதுகில் ஒட்டும் சின்னச் சீட்டில் அதை எழுதுவதும், அதைப் பார்த்து அலமாரியில் அடுக்குவதும் சிரமம். போதாக்குறைக்கு, பதிப்புக்குப் பதிப்பு ரங்கநாதன் விதிகளை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒருமுறை அடுக்கிய நூலகம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க முடியுமா?

அலமாரியில் ஒரு புத்தகம் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். திரையில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரே ஷூ, கறுப்பு என்ற பட்டியலிலும் வரும், சைஸ் 8 என்ற பட்டியலிலும் வரும். நீளமான எண்ணைக் கம்ப்யூட்டர் சுமந்துகொள்ளும், நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அலமாரியில் கனமாக இருந்த யோசனை திரையில் லேசாகிவிட்டது.

கடைசிக் காலம்

21 ஆண்டுகளுக்குப் பிறகு, 1945-ல் சென்னைப் பல்கலைக்கழக வேலையை விட்டார். ஓய்வெடுக்கவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1947-க்குள் சுமார் ஒரு லட்சம் புத்தகங்களை வகைப்படுத்தினார். அடுத்து டெல்லி பல்கலைக்கழகம், சில காலம் சுவிட்சர்லாந்தின் சூரிச், பிறகு உஜ்ஜைன், கடைசியாக பெங்களூர். 1957-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1965-ல் மத்திய அரசு அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக நியமித்தது.

சேர்த்து வைத்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, நூலகவியலில் மனைவி சாரதாவின் பெயரில் ஓர் இருக்கை அமைய வழி செய்தார். 1950-களில் அது சாதாரணத் தொகை அல்ல. கணிதத்தையும் மறக்கவில்லை. 1967-ல் கணித மேதை ராமானுஜன் பற்றி ஒரு நூல் எழுதினார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 80. அவர் பிறந்தநாளாகப் பதிவாகியிருக்கும் ஆகஸ்ட் 12, இந்தியாவில் தேசிய நூலகர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஆரம்பாக்கத்தில் இருப்பவருக்கு இது ஏன் முக்கியம்?

சிப்காட்டில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு போல்ட் எந்த ரேக்கில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் மொத்த லைனும் நின்றுவிடும். பொருள் கையிருப்பில் இருந்தும் கிடைக்கவில்லை என்றால், இல்லாததும் அதுவும் ஒன்றுதான். ரங்கநாதன் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதும் இதைத்தான்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. தேடினால் கிடைக்க வேண்டும், அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றார். முதல் பாதியை வணிக நிறுவனங்கள் நன்றாகவே எடுத்துக்கொண்டன. ஷூ மூன்று தட்டில் வந்துவிடுகிறது. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தேவையான புத்தகம் பக்கத்து நூலகத்தில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதா? இரண்டாவது பாதி அந்த இடத்தில்தான் பாக்கி நிற்கிறது.

அடுத்த முறை வீட்டு வரி கட்டும்போது அந்த நூலக வரியைப் பாருங்கள். அந்தப் பணம் ஏற்கெனவே உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் கிளை நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, என்ன புத்தகம் இருக்கிறது, வேண்டிய புத்தகம் இல்லையென்றால் யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒருமுறை போய் விசாரியுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.